வீதியோரத்து நோக்கு: மோட்டார் வாகனமும் நவீன கலையும் பற்றி ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு விசாரணை

1

இருபதாம் நூற்றாண்டின் கலை வரலாற்றை எழுதப் புகுவோர் மோட்டார் காரைத் தவிர்த்து எழுதுதல் இயலாது. இத்தாலிய எதிர்காலவாதிகளின் ஓவியங்கள் தொட்டு இன்றைய இந்தியச் சிற்பிகளின் ஆக்கங்கள் வரை, கார் கலைக்குரிய பொருளாக மட்டுமன்றிக் கலையின் மூலப்பொருளாகவும் பயன்பட்டு வந்துள்ளது. ஆயினும் இவ்வாக்கங்கள் பற்றி எழுந்த விமர்சனங்களிற் பல, அடிப்படையான வினாவொன்றை எழுப்பாமலே சென்றுவிடுகின்றன. காரைக் கலைஞன் எங்கு நின்று நோக்குகின்றான் என்பதே அவ்வினா.

காரை நோக்குவதற்கு மூன்று இடங்கள் உள. ஒன்று, காரின் ஆசனம். மற்றொன்று, கார் உருவாகும் தொழிற்சாலை. மூன்றாவது, கார் கடந்து செல்லும் வீதியின் ஓரம். முதலிரண்டு இடங்களிலிருந்தும் எழுந்த கலை பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. மூன்றாவது இடத்துக்கு உரியோர் வீதியை வெட்டியோராயும், காரின் சக்கரத்துக்கு வேண்டிய இறப்பரைத் தந்தோராயும் இருந்தும், அவர்தம் நோக்கு கலை வரலாற்றிற் போதிய இடம் பெறவில்லை. அந்நோக்கினை உரைகல்லாகக் கொண்டு வாகனக் கலையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு ஸ்பிரிங்வெளியை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணமுண்டு. பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலைத்தொடரை நோக்கி ஏறும் வீதியில் அமைந்துள்ள இத்தேயிலைத் தோட்டப் பகுதி, ஊவாப் பெருந்தோட்டங்களின் பொதுவான அமைப்பை நன்கு காட்டுவது. மேலே துரையின் பங்களா. அதற்குச் செல்லும் கார்ப் பாதை. நடுவே தொழிற்சாலை, அதற்குச் செல்லும் லொறிப் பாதை. கீழே லயங்கள், அவற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை. இம்மூன்று பாதைகளின் அகலத்தை அளந்தாலே தோட்டத்தின் வர்க்க அமைப்பை வரைந்துவிடலாம்.

2

மலையகத்தின் வீதிகள் காருக்காக உருவானவை அல்ல. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி திறக்கப்பட்டபோது, இராணுவத் தேவையே அதனை முதலில் வேண்டி நின்றது. கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபின், விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் வணிகத் தேவை மேலோங்கிற்று. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேற் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. வீதி என்பது சிங்களக் குடியானவனுக்குக் கட்டாய உழைப்பாகவும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளிக்கு உயிரைப் பணயம் வைக்கும் நடைப்பயணமாகவும் அறிமுகமாயிற்று. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தோருள் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். இவ்விரு மக்கட் பிரிவினரின் வரலாறுகளும் வீதி என்னும் ஒரே இடத்திற் சந்திக்கின்றன என்பது பின்னாளில் மறக்கப்பட்டது.

கோப்பி நோயினால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பெற்றபின், புகையிரதம் மலையேறியது. அது 1894இல் பண்டாரவளையை அடைந்தது. தெமோதரைக்கு அண்மையில் ஒன்பது வளைவுகளையுடைய பாலம் 1921இல் நிறைவுற்றது. பதுளைக்கு இருப்புப் பாதை வந்தது 1924இலேயே. அதற்கு முன்னரே துரைமாரின் கார்கள் மலையக வீதிகளில் ஓடத் தொடங்கிவிட்டன. எனவே மலையகத் தொழிலாளியின் அனுபவத்திற் கார் என்பது, தானும் தன் முன்னோரும் வெட்டிச் செப்பனிட்ட வீதியில், தன்னைக் காணோரத்துக்கு ஒதுங்கச் செய்துகொண்டு போகும் ஒரு பொருளாகவே முதலிற் புலப்பட்டது.

காரில் அவனுடைய உழைப்பு வேறொரு வடிவிலும் அடங்கியிருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் பகுதியிலிருந்து எடுத்துச் சென்ற சுமார் 70,000 இறப்பர் விதைகள் இலண்டனின் கியூ தாவரவியற் பூங்காவில் இடப்பட்டன. முளைத்த கன்றுகளிற் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடையில் நடப்பட்டது. 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். 1908இல் போர்டின் ‘மொடல் டி’ கார் சந்தைக்கு வந்தது. காரின் பெருக்கம் இறப்பரின் விலையை ஏற்றிற்று. 1910இல் அது உச்சத்தைத் தொட்டது. இலங்கையின் தாழ்நிலங்களிலும், ஊவாவில் மொனராகலைப் பகுதியிலும், கடல் கடந்த மலாயாவிலும் தோட்டங்கள் விரிந்தன. விடியுமுன் மரந்தோறும் சென்று பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளியின் உழைப்பு, அவன் ஒருபோதும் காணாத நகரங்களின் தெருக்களிற் சக்கரமாய் உருண்டது.

பண்டமானது சந்தைக்கு வரும்போது தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டே வருகின்றது என்பது மார்க்ஸ் காட்டிய உண்மை. மோட்டார் காரைப்போல் இவ்வுண்மைக்குப் பொருத்தமான உதாரணம் அரிது. அதன் மினுக்கமே மறைத்தலின் கருவியாகின்றது. கலை இம்மறைப்புக்குத் துணைபோயிற்றா, அதனை விலக்கிற்றா என்பதே இனி நாம் நோக்கவேண்டியது.

3

1909 பெப்ரவரி 20இல் மரினெட்டியின் எதிர்காலவாத அறிக்கை பாரிஸின் ‘லெ பிகாரோ’ நாளிதழின் முதற் பக்கத்தில் வெளியாயிற்று. பாய்ந்து செல்லும் கார், லூவ்ர் அரும்பொருளகத்திலுள்ள பண்டைய கிரேக்க வெற்றித் தேவதையின் சிலையினும் அழகியது என அது முழங்கிற்று. ஜியாகோமோ பல்லா போன்ற ஓவியர் 1913ஆம் ஆண்டளவிற் காரின் வேகத்தையே கோடுகளாகவும் கோணங்களாகவும் வரைந்தனர். தேங்கிக் கிடந்த கலைக் கழகங்களின் மரபை இவர்கள் உடைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறிக்கையின் தொடக்கத்தில் இடம்பெறும் கதை நம் கவனத்துக்குரியது. ஆசிரியர் தம் காரை விரைந்து செலுத்தி, தொழிற்சாலைக் கழிவுநீர் நிரம்பிய பள்ளத்திற் கவிழ்க்கின்றார். வீதியோரத்து மீனவர் கூடிக் கருவிகளைப் பொருத்தி அக்காரை மேலே இழுக்கின்றனர். கார் மீண்டும் ஓடத் தொடங்குகின்றது. மீனவர் கதையிலிருந்து மறைகின்றனர். அவர்களின் கண்ணிற் கார் எவ்வாறு தோன்றியது என்பதை அறிக்கை சொல்லவில்லை. வேகத்தின் அழகியல் ஆசனத்தில் அமர்ந்திருப்பவனின் அழகியலாகவே பிறந்தது. அவ்வறிக்கை வெளியான மறு ஆண்டிலேயே இறப்பர் விலை உச்சத்தை எட்டியது என்பதையும், கொங்கோவில் இறப்பருக்காக நிகழ்ந்த கொடுமைகள் அம்பலமாகி, 1908இல் அந்நாடு மன்னர் லியோபோல்டின் கையிலிருந்து நீங்கியது என்பதையும் சேர்த்து நோக்கும்போது, அவ்வழகியலின் அடித்தளம் தெளிவாகின்றது.

இந்நிலையிலிருந்து பெரியதொரு முன்னேற்றம் மெக்சிக்கோவின் டியேகோ ரிவேராவிடம் காணப்படுகின்றது. 1932–33இல் டிட்ரோயிட் கலை நிலையத்தின் சுவர்களில் அவர் தீட்டிய 27 ஓவியப் பகுதிகளில், போர்ட் நிறுவனத்தின் ரூஜ் தொழிற்சாலை உயிர்பெறுகின்றது. அங்கே காண்போரின் கண்ணை நிறைப்பவை வளைந்து நெளிந்து உழைக்கும் உடல்களும், அவற்றைச் சூழ்ந்த பெரும் இயந்திரங்களுமாகும்; முழுமையடைந்த கார் மிகச் சிறியதாகத் தொலைவிலே தென்படுகின்றது. மறைந்த உழைப்பை வெளிக்கொணரும் ஆற்றல் கலைக்கு உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் ரிவேரா அந்நகருக்கு வருவதற்குச் சற்று முன்னர், 1932 மார்ச் 7இல், அதே தொழிற்சாலையை நோக்கி ஊர்வலமாகச் சென்ற வேலையற்ற தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஓவியத்துக்குப் பணம் வழங்கியவர் ஹென்றி போர்டின் மைந்தர் எட்சல் போர்ட். சுவரில் அவ்வூர்வலம் இடம்பெறவில்லை. தொழிற்சாலைக்குள் நின்று நோக்கிய அம்மாபெருங் கலைஞனுக்கும் அதன் வாயிலுக்கு வெளியேயிருந்த வீதி எட்டாமற் போயிற்று.

அன்டி வார்ஹோல் 1962–63இற் செய்த கார் விபத்துப் படங்கள் வேறொரு கட்டத்தைக் குறிக்கின்றன. செய்தித்தாள் நிழற்படங்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, நுகர்வுச் சமூகத்திற் சாவும் ஒரு பண்டமாகிவிட்டமையை அவர் காட்டினார். அவ்வரிசையில் 1963இற் செய்யப்பட்ட வெள்ளிநிறக் கார் விபத்து என்னும் ஆக்கம், 2013 நவம்பரில் நியூயோர்க் ஏலத்திற் பத்துக் கோடி அமெரிக்க டொலருக்கும் அதிகமான விலைக்குப் போயிற்று. சாவு பண்டமானதைக் கண்டித்த படம் தானே பண்டமாகிவிட்ட முரண்பாட்டை இயக்கவியல் நோக்கில் விளங்கிக்கொள்வது கடினமன்று. படத்திலுள்ள மனிதன் யார், எங்கு செல்லப் புறப்பட்டான், அவனுக்காகக் காத்திருந்தோர் யாவர் என்பன விலைக்கு வேண்டாதவை.

4

தெற்காசியக் கலைஞரிடத்தில் இப்பொருள் வேறு வகையாக வளர்ந்துள்ளது. இந்நாடுகளிற் கார் பெரும்பான்மையோரின் உடைமையாகாது, கண்ணுக்குக் காட்சியாகவே நெடுங்காலம் இருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். தமிழ் இலக்கியமும் இதனை நன்கறியும். 1966இல் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழையில் நனைந்து நிற்கும் ஏழை மாணவியின் முன் வந்து நிற்கும் பெரிய கார், செல்வமும் ஆண் அதிகாரமும் ஒன்றாய்த் திரண்ட வடிவமாகும். அக்கதையில் நாம் காரை வீதியோரத்திலிருந்தே முதலிற் காண்கின்றோம்.

சுபோத் குப்தாவின் 2004ஆம் ஆண்டு ஆக்கமொன்றில், அம்பாசடர் வாடகைக் கார் ஒன்று நிலத்துள் பாதி அமிழ்ந்தாற்போல் மேற்பாதி மாத்திரம் தெரிய நிற்கின்றது. அதன் கூரைமீது வெண்கலத்தில் வார்க்கப்பட்ட பயணப் பொதிகள் உள்ளன. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் தொழிலாளர் விமான நிலையங்களிற் சுமந்துவரும் கட்டுகளே அப்பொதிகளின் மூலம். ஊவாத் தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்று திரும்பும் தாய்மாரை ஏற்றி, கூரையிற் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மலையேறும் வான்களைக் கண்டோருக்கு இச்சிற்பம் விளக்கவுரை வேண்டாதது. வாகனத்தின் கனம் அதன் இரும்பில் இல்லை, பிரிவிலேயே உள்ளது என்பதை அது உணர்த்துகின்றது.

ஜிதிஷ் கல்லட் 2007இல் எலும்புகளாலான தோற்றத்திற் கார் ஒன்றையும் ஓட்டோ ஒன்றையும் உருவாக்கினார். கலவரங்களில் எரிக்கப்பட்ட வாகனங்களின் எலும்புக்கூட்டுத் தோற்றத்தை அவை நினைவூட்டுகின்றன. 1983 ஜூலையை அறிந்தோர் இவற்றின்முன் வாளாவிருத்தல் அரிது. அந்நாட்களில் வீதிகளில் மறிக்கப்பட்ட வாகனங்களிலிருந்து எடுத்த பெட்ரோல், வீடுகளையும் கடைகளையும் மனிதரையும் எரிக்கப் பயன்பட்டது. பதுளை நகரும் அத்தீயிலிருந்து தப்பவில்லை.

இலங்கையின் சிங்களக் கலைஞர் சந்திரகுப்த தேனுவர 1997இல் தொடங்கிய ‘பீப்பாய்வாதம்’ இவ்வகையிற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. போர்க்காலத்தில் இராணுவ நிறங்கள் பூசி வீதித் தடைகளாக நிறுத்தப்பட்ட இரும்புப் பீப்பாய்களை அவர் காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1996 ஜனவரி 31இல் வெடிமருந்து நிரப்பிய லொறியொன்று கொழும்பு மத்திய வங்கியைத் தாக்கிப் பெரும் உயிரிழப்பை விளைவித்தபின், ஒவ்வொரு வாகனமும் ஐயத்துக்குரியதாகிய காலம் அது. வாகனத்தை வரையாமலே, வாகனம் நிறுத்தப்படும் கணத்தை இக்கலை பிடித்துக்காட்டியது. பதுளையிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற தோட்டத்து இளைஞன், பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு அடையாள அட்டையை நீட்டி நின்றது இப்பீப்பாய்களின் ஓரத்தில்தான். வீதியோரத்து நோக்கு ஓர் இனத்தாருக்கு மாத்திரம் உரியதன்று. அதிகாரத்தின் வழியில் ஒதுங்கி நிற்கும் எவருக்கும் அது பொதுவாகலாம் என்பதற்குத் தேனுவரவின் ஆக்கங்கள் சான்றாகின்றன.

5

அங்ஙனமாயின் மலையக மக்கள் தாமே வாகனத்தைக் கலையாக்கியதுண்டா என்ற வினா எழுகின்றது. காட்சிக் கூடத்தைக் கலையின் எல்லையாகக் கொள்வோர் இல்லையென விடையிறுக்கக்கூடும். நாம் அவ்வாறு கொள்ளவில்லை.

மலையகத்தார் புகையிரதத்தைக் கோச்சி என்பர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களின் எதிர்காலத்தை, அவர்களைக் கேளாமலே 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையிற் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அதன்படி குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாருக்கு ஏறிய புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்றும் இப்பெயர் தாங்கியுள்ளது. இறந்தவருக்குப் பாடும் ஒப்பாரியை உயிரோடு பிரிந்து செல்வோருக்காகப் புகையிரத மேடையிற் பாடிய அப்பெண்கள், வாகனத்தைப் பாடையாகக் கண்டனர். ஒரு சொற்சேர்க்கையில் அவர்கள் வடித்த இப்படிமம், மேற்கூறிய எச்சிற்பத்துக்கும் குறைந்ததன்று.

மாரியம்மன் திருவிழாவிலே தோட்டங்களில் தேர் கட்டப்படுகின்றது. பாதையின் செங்குத்தையும் பணத்தின் வரையறையையும் கருதி, உழவு இயந்திரத்தின் பெட்டிமீதே மூங்கிலும் வண்ணத்தாளும் மின்விளக்கும் கொண்டு தேர் எழுப்பும் வழக்கமும் உண்டு. உரமும் கொழுந்தும் ஏற்றிய வண்டி ஓரிரவு அம்மனின் இரதமாகி லயங்களைச் சுற்றி வருகின்றது. தோட்ட நிருவாகத்தின் வாகனம் மக்களின் வாகனமாகும் இச்சிறு பொழுது, உடைமை உறவு தலைகீழாவதன் கனவு எனலாம். கனவு விடிந்ததும் வண்டி மீண்டும் மலைக்குத் திரும்புகின்றது. சமயச் சடங்கு முரண்பாட்டைத் தீர்த்துவைப்பதில்லை. எனினும் அதனைக் காணத் தருகின்றது.

இவ்விடத்துக் கார்ப் பண்பாடு என வழங்குவதையும் நோக்குதல் வேண்டும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் தேயிலைச் செடிகளுக்கிடையே மலையேறும் கார்ப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. ஊவாவில் தியத்தலாவையின் ‘பொக்ஸ் ஹில்’ ஓட்டப் போட்டி 1993இலிருந்து நடைபெற்று வந்தது. துரைமாரின் பொழுதுபோக்காகத் தொடங்கியது, காலப்போக்கிற் கார் வாங்க வசதியற்ற பல்லாயிரவர் கூடிக் காணும் பெருவிழாவாயிற்று. வேகத்தின் மீது இளைஞர் கொள்ளும் விருப்பை இகழ்தல் நம் கருத்தன்று. ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நின்று, நாளெல்லாம் ஒரே சரிவில் ஏறி இறங்கும் வாழ்க்கைக்கு, வேகம் விடுதலையின் தோற்றத்தைத் தருவது இயல்பே. ஆயினும் 2024 ஏப்ரல் 21இல் அப்போட்டியின்போது கார் ஒன்று பாதை விலகிக் கூட்டத்துட் பாய்ந்து, சிறுமி ஒருவர் உட்பட எழுவர் மாண்டனர். மரினெட்டியின் கார் கவிழ்ந்த பள்ளத்தின் ஓரத்தில் நின்ற மீனவர் காயமின்றித் தப்பினர். தியத்தலாவையில் வீதியோரத்தில் நின்றோருக்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை. 2021 மார்ச் 20இல் லுணுகலையிலிருந்து கொழும்புக்குச் சென்ற பஸ் பசறைக்கு அண்மையிற் பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. கொழுந்துக்காக வெட்டிய ஒடுங்கிய வீதிகளில் இன்று மனிதர் பயணஞ் செய்கின்றனர். வீதியின் வரலாறே விபத்தின் வரலாறாகவும் தொடர்கின்றது.

இவ்வரலாற்றுக்கு மக்கள் தந்த மிகச் செம்மையான விடையாக 2023ஆம் ஆண்டின் நடைபவனியை நாம் கருதுகின்றோம். மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, ஜூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது அப்பவனி. வாகனங்கள் விரையும் பெருந்தெருவில் முன்னோர் நடந்த வழியே, கோரிக்கைகளை ஏந்தி மீண்டும் நடந்தனர். அதனைக் கலையென எவரும் அன்று பெயரிடவில்லை. எனினும் உடலையே ஊடகமாகவும் வீதியையே அரங்காகவும் கொண்டு வரலாற்றைக் கண்முன் நிகழ்த்திய அச்செயலை, சமகாலக் கலை பற்றிப் பேசுவோர் புறக்கணித்தல் தகாது. வீதியோரத்துக்கு ஒதுக்கப்பட்டோர் வீதியின் நடுவே வந்த நிகழ்ச்சி அது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. காரை முடிவுற்ற பொருளாகக் கண்டு வியந்த கலை, அதனுள் உறைந்த உழைப்பை மறைப்பதற்குத் துணைபோயிற்று. காரை உடைத்தோ, அமிழ்த்தியோ, எலும்பாக்கியோ, அதனை நிறுத்திவைத்தோ நோக்கிய கலை, அவ்வுழைப்பையும் அதற்கு நேர்ந்த இழப்பையும் வெளிக்கொணர்ந்தது. ஆதலால் வாகனக் கலையின் பெறுமதியை அளக்கும்போது, வீதியோரத்தில் நிற்பவர் அதில் தம்மைக் காண்கின்றாரா என்பதையும் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

பதுளை ஊவாகட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் போன்றோரின் ஆக்கங்களில் மலையக வாழ்வு எழுத்தாகி நிலைபெற்றது. காட்சிக் கலைகளிலும் இம்மக்களின் இளந்தலைமுறை இன்று கால்பதித்துள்ளது. அவர்களுக்கு முன்னே ஒரு பொருள் காத்திருக்கின்றது என்பதைப் பணிவுடன் சுட்ட விரும்புகின்றோம். அது கொழுந்து லொறி. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும், அந்த லொறி ஓடிக்கொண்டேயிருந்தது. காலையில் உரத்தையும் மாலையிற் கொழுந்தையும் அது ஏற்றிற்று. வேறு வாகனம் கிடையாத இரவுகளிற் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும், சில வேளைகளில் அவளை உயிரின்றித் திருப்பிக் கொணர்ந்ததும் அதுவே. அந்த லொறிக்குள் மலையகத்தின் முழு வரலாறும் ஏற்றப்பட்டுள்ளது. அதனை இறக்கிவைக்கும் பணி கலைஞருக்கும், அவ்வாறு இறக்கிவைக்கப்படும்போது இனங்கண்டு மதிப்பிடும் பொறுப்பு நம்மனைய ஆய்வாளருக்கும் உரியன.